கடலடியில் வாழும் சிறு மீனின் சிற்றினத்தைக் கண்டறிவது எப்படி? புதியவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

வெப்பமண்டலக் கடலின் மணற்பரப்பிலும், உடைந்த பவளத் துண்டுகளுக்கு இடையிலும், பாறை இடுக்குகளிலும் விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் ஏராளமாக வாழ்கின்றன. அவற்றில் ஒன்றைப் படமெடுத்து வந்து, இணையத்திலும் பட நூல்களிலும் தேடி, ஒரே மீனுக்கு நான்கைந்து பெயர்கள் பொருந்துவதைக் கண்டு, கடைசியில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாமல் நிற்பது இத்துறைக்குள் புதிதாக வரும் பெரும்பாலோருக்கு நேர்வதுதான். நானும் அந்த வழியாக வந்தவன்தான். இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் வரிசை தவறுவதால் வருகிறது. நிறம் முதலில் கண்ணில் படுகிறது, ஆகவே நிறத்தை வைத்துத் தேடத் தொடங்கிவிடுகிறோம். நிறம் மிக விரைவில் மறைந்துவிடும் என்பதால் அதை முதலில் பதிவு செய்ய வேண்டும். மிக எளிதில் ஏமாற்றும் என்பதால் அதைக் கடைசியில்தான் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த அடிப்படையில் அமைந்தவை.

1. அனுமதியை முதலில் முடியுங்கள்

படம் மட்டும் எடுப்பதாக இருந்தால் பெரும்பாலான இடங்களில் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்; பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளில் அதற்கும் அனுமதி தேவைப்படுவது உண்டு. மீனைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், அந்த நாட்டின் மீன்வளத் துறையோ வனவுயிர்த் துறையோ தரும் சேகரிப்பு அனுமதி வேண்டும். அந்த இடம் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருந்தால் அதன் நிர்வாகத்திடமும் தனியாக அனுமதி பெற வேண்டும். நீங்கள் ஒரு கல்லூரி அல்லது ஆய்வு நிறுவனத்தின் வழியாகச் செய்கிறீர்கள் என்றால் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கேட்கப்படும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. விண்ணப்பப் படிவம் சிற்றினத்தின் பெயரைக் கேட்கும். நீங்களோ பெயர் தெரியாமல்தான் பிடிக்கவே போகிறீர்கள். அந்தக் கட்டத்தில் ஊகமாக ஒரு பெயரை எழுதிவிட்டால், பிடித்த மீன் வேறாக இருக்கும்போது அனுமதிச் சீட்டு அதற்குச் செல்லாது. குடும்பத்தின் பெயரையும், எடுக்கப்போகும் மீன்களின் உச்ச எண்ணிக்கையையும், ‘சிற்றினம் ஆய்வில் கண்டறியப்படும்’ என்ற குறிப்பையும் எழுதிக் கொடுங்கள்.

மரபணு ஆய்வுக்காகத் திசுவை வேறு நாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ள நகோயா நெறிமுறை என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் மரபணு வளத்துக்கான தனி ஒப்புதலை மீன் பிடிக்கப்படும் நாடு கேட்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கடற்குதிரைகள் எல்லாமே அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. அவற்றை எல்லை தாண்டி அனுப்ப சைட்டிஸ் அனுமதி ஆவணமும் சேர வேண்டும். இந்தத் தாள்கள் கைக்கு வரச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். ஆகவே பயணத் தேதியை உறுதி செய்த பிறகு விண்ணப்பிக்காமல், அனுமதி வந்த பிறகு தேதியை முடிவு செய்யுங்கள்.

2. தண்ணீருக்குள் இருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்

மீன் இருந்த இடம் பாதி விடையைச் சொல்லிவிடும். தேதி, நேரம், ஆழம், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவற்றோடு, மீன் எதன்மேல் இருந்தது என்பதையும் எழுதுங்கள். ‘பவளத்தின்மேல்’ என்று எழுதினால் போதாது. கோபியோடான் பேரினத்து மீன்கள் அக்ரோபோரா என்னும் கிளைப் பவளத்தில் வாழ்பவை. பாராகோபியோடான் மீன்கள் போசிலோபோரா, ஸ்டைலோஃபோரா போன்ற பவளங்களை நாடுபவை. எனவே மீன் இருந்த பவளத்தை ஒரு படம் எடுத்து வைத்தாலே தேடல் பெரிதும் குறுகிவிடும். சவுக்குப் பவளம், கடற்பஞ்சு, கடல் முள்ளெலி எதுவானாலும் அதையும் சேர்த்துப் படமெடுங்கள்.

நடத்தையையும் எழுதுங்கள். வளை வாசலில் நின்ற மீனுக்குப் பின்னால் மணலைத் தள்ளிக்கொண்டு ஓர் இறால் வந்து போனதா? அப்படியென்றால் சொடுக்கு இறாலோடு வளையைப் பகிரும் உளுவைகளை (ஆங்கிலத்தில் கோபி எனப்படும் சிறு மீன்களை), அதாவது கிரிப்டோசென்ட்ரஸ், ஆம்பிளிஎலியோட்ரிஸ், டெனோகோபியாப்ஸ் போன்ற பேரினங்களை, முதலில் பார்க்கலாம். வாய் நிறைய மணலை அள்ளிச் செவுள் வழியே சலித்து வெளியே விட்டதா? வலென்சியென்னியாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எச்சரிக்கை ஒன்று: அசையாமல் கிடக்கும் எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கல்மீனும் தேள்மீனும் இதே இடங்களில்தான் கிடக்கும். கூட்டமாக மணலைக் கிளறிக்கொண்டு போகும் வரிக் கெளுத்திக் குஞ்சுகளின் துடுப்பு முட்களிலும் நஞ்சு உண்டு.

3. படங்கள்: எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரத்துக்குள்

கடலுக்குள் எடுக்கும் படத்தில் ஒளிவீச்சு விளக்கு இல்லாவிட்டால் சிவப்பு பதிவாகாது. நீர் அந்த நிறத்தைத்தான் முதலில் விழுங்குகிறது. பக்கவாட்டில் முழு உடல், மேலிருந்து தலை, துடுப்பு விரிந்த நிலை ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். துடுப்பு விரியும் வரை காத்திருப்பதற்குப் பொறுமை வேண்டும்; ஆனால் அழகான பத்துப் படங்களைவிட முதுகுத் துடுப்பு நன்றாக விரிந்த ஒரு மங்கலான படம் பயனுள்ளது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

பிடித்த மீனாக இருந்தால் கிராம்பு எண்ணெய் கலந்த கடல்நீரில் மயக்கி, உயிர் பிரிந்த சில நிமிடங்களுக்குள் படமெடுத்து முடியுங்கள். தலை இடப்பக்கம் பார்க்க, மீனின் இடது பக்கம் தெரியும்படி கிடத்துவது வழக்கம். துடுப்புகளை மெல்லிய ஊசிகளால் விரித்து, அவற்றின் அடியில் ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தைத் தூரிகையால் தொட்டுவைத்தால் சற்று நேரத்தில் விரிந்தபடியே விறைத்துக்கொள்ளும். பிறகு ஊசிகளை எடுத்துவிட்டுப் படமெடுக்கலாம். ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள். அதன் பிறகு மீனை மல்லாக்கத் திருப்பி அடிப்பக்கத்தையும் எடுங்கள். பலரும் விட்டுவிடும் படம் இது. என் படங்களைப் பார்த்த ஒரு வல்லுநர் முதலில் கேட்டதும் இதைத்தான், ஏனென்றால் இடுப்புத் துடுப்புகள் இணைந்திருக்கின்றனவா என்பதை வேறு எந்தக் கோணமும் காட்டாது.

4. திசு முதலில், ஃபார்மலின் பிறகு

இந்த வரிசையை மாற்றினால் சரிசெய்யவே முடியாது. ஃபார்மலின் மரபணுவைச் சிதைக்கும். ஆகவே மீனின் வலப்பக்கத்திலிருந்து ஒரு துளி தசையையோ வலது மார்புத் துடுப்பையோ வெட்டி, 95 சதவீத எத்தனாலில் போட்டு, மீனுக்குக் கொடுத்த அதே எண்ணை அந்தக் குப்பியிலும் எழுதுங்கள். இடப்பக்கத்தைத் தொட வேண்டாம். அளவும் எண்ணிக்கையும் அந்தப் பக்கத்தில்தான் எடுக்கப்படும்.

பிறகு மீனை 10 சதவீத ஃபார்மலினில் இடுங்கள். கடையில் கிடைக்கும் செறிந்த ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் என்பது இதன் கணக்கு. இவ்வளவு சிறிய மீனுக்குச் சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை போதும். அதன் பின் நீரில் நன்றாக ஊறவைத்து அலசி, 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றிவிடலாம். ஃபார்மலின் ஆவி நுரையீரலுக்கும் கண்ணுக்கும் கேடு. புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவும் வகைப்படுத்தப்பட்டது. கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள்.

குறிப்புச் சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். வெளியே ஒட்டிய சீட்டு உரிந்து விழுந்த குப்பிகள் வரிசையாக நிற்கும் அலமாரியைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

5. குடும்பத்தை உறுதி செய்யுங்கள்

சிற்றினத்துக்கு நேராகத் தாவாதீர்கள். குடும்பம் தெரிந்துவிட்டால் பார்க்க வேண்டிய பெயர்கள் பெருமளவு குறைந்துவிடும், பேரினம் தெரிந்தால் இன்னும் குறைந்துவிடும். அடித்தரையில் அடிக்கடி கிடைக்கும் குழுக்களைப் பிரித்தறிய நான்கு கேள்விகள் பெரும்பாலும் போதும்: முதுகுத் துடுப்பு எத்தனை, உடலில் பக்கக் கோடு (பக்கவாட்டில் ஓடும் உணர்துளை வரிசை) உண்டா, செதில் உண்டா, இடுப்புத் துடுப்பு எங்கே எப்படி இருக்கிறது.

தனித்தனியாக இரண்டு முதுகுத் துடுப்புகள், முன்னதில் பெரும்பாலும் வளையக்கூடிய ஆறு முட்கள், உடலில் பக்கக் கோடு இல்லை என்றால் உளுவைக் குடும்பமான கோபிடே. இடுப்புத் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து கிண்ணம்போல் இருப்பது இதன் பெயர்பெற்ற அடையாளம். ஆனால் அது இல்லாததை வைத்து உளுவை இல்லை என்று தள்ளிவிடாதீர்கள்: வலென்சியென்னியாவில் இரண்டும் பிரிந்தே இருக்கும், எவியோட்டா, டிரிம்மா போன்ற மிகச் சிறிய உளுவைகளிலும் இணைப்புச் சவ்வு குறைந்தோ இல்லாமலோ இருக்கும்.

தலை முதல் வால் வரை நீளும் ஒரே முதுகுத் துடுப்பு, செதிலற்ற உடல், மார்புத் துடுப்புக்கு முன்னால் தொண்டையருகே இரண்டு மூன்று கதிர்களே கொண்ட இடுப்புத் துடுப்பு, கண்ணுக்குமேல் சிறு இழைகள் என்றால் பிளென்னிடே. தோற்றம் பிளென்னியைப்போல் இருந்து, செதிலும் மூன்று முதுகுத் துடுப்புகளும் இருந்தால் டிரிப்டெரிஜிடே. தட்டையான அகன்ற தலை, செதிலே இல்லாத வழவழப்பான தோல், தலையின் மேற்புறத்தில் சிறு துளையாகக் குறுகிய செவுள் திறப்பு, செவுள் மூடிக்கு முன்னுள்ள எலும்பில் வலுவான ஒரு முள் இருந்தால் காலியோனிமிடே. அந்த முள்ளின் வடிவம் பின்னர் சிற்றினத்தைப் பிரிக்கவும் தேவைப்படும், ஆகவே அதை உடைக்காமல் கையாளுங்கள்.

உருண்டு நீண்ட உடல், முழுநீளப் பக்கக் கோடு, முன்பகுதியில் சில குட்டை முட்களோடு தொடர்ந்து நீளும் முதுகுத் துடுப்பு எனில் பாராபெர்சிஸ் பேரினத்தைப் பாருங்கள். முதுகுத் துடுப்புக்குப் பின்னால் கதிரே இல்லாத சிறு கொழுப்புத் துடுப்பும் பல் நிறைந்த பெரிய வாயும் தும்பிலிக் குடும்பத்துக்கு உரியவை. அடியில் உறிஞ்சு தட்டு இருந்தும், முதுகுத் துடுப்பு ஒன்றே ஒன்றாக வால்பக்கம் தள்ளி முள்ளின்றி இருந்தால் அது உளுவையாகாது. கோபியசோசிடே குடும்பத்து ஒட்டுமீன்.

6. எண்ணுங்கள், அளந்து எழுதுங்கள்

உண்மையான வேலை இங்கேதான் நடக்கிறது. நேரமும் இங்கேதான் போகும். ஒரு மீனை ஒழுங்காக எண்ணி முடிக்கப் புதியவருக்கு அரை நாள்கூட ஆகலாம், அது இயல்பே. தேவைப்படும் செலவு ஒரு சிறு இரட்டைக்கண் நுண்ணோக்கியும், மெல்லிய தூரிகையும், கூர்முனை ஊசியும்தான். நுண்ணோக்கியைக் கல்லூரி ஆய்வகத்தில் இரவல் கேட்டாலும் போதும்.

முட்களை உரோம எண்ணிலும் மென்கதிர்களைச் சாதாரண எண்ணிலும் எழுதுவது மரபு. முதுகுத் துடுப்புகள் இரண்டும் தனித்தனியாக இருந்தால் இடையில் சிறு கோடு இடுவார்கள். இரண்டாம் முதுகுத் துடுப்பிலும் குதத் துடுப்பிலும் கடைசிக் கதிர் அடிவரை பிளந்து இரண்டுபோல் தெரியும். அதை ஒன்றாகவே எண்ண வேண்டும். இந்த ஒரு விதி தெரியாததால் மட்டும் தவறான சிற்றினத்துக்குப் போய்ச் சேரும் புதியவர்கள் பலர்.

நீளத்தைத் தாடை முனையிலிருந்து வால் துடுப்பின் அடிவரை அளப்பது தர நீளம். வால் நுனிவரை அளப்பது மொத்த நீளம். விளக்கங்களில் எது சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் ஒப்பிட்டால், உங்கள் மீன் வீணாக ‘மிகப் பெரியது’ ஆகிவிடும். செதில்களைச் செவுள் திறப்பின் மேல்முனையிலிருந்து வாலின் அடிவரை வரிசையாக எண்ணுங்கள். செதில் உதிர்ந்த இடத்தில் அதன் குழி தெரியும். அதையும் கணக்கில் சேருங்கள். தலைக்கும் முதுகுத் துடுப்புக்கும் இடைப்பட்ட பகுதியிலும் கன்னத்திலும் செதில் இருக்கிறதா என்பதைத் தனியாக எழுதுங்கள், உளுவைகளில் பேரினத்தைப் பிரிக்கும் குறிப்புகள் அவை. தலையில் உள்ள நுண்துளைகளும் உணர்மொட்டு வரிசைகளும் தெளிவாகத் தெரிய, நீலச் சாயத்தைச் சிறிது தொட்டுவைத்தால் குழிகள் மட்டும் நிறம் பிடித்துக்கொள்ளும். பின்னர் அது எத்தனாலில் கழன்றுவிடும்.

பாறைக் குட்டைகளில் கிடைக்கும் பழுப்பு நிற உளுவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளிப்பார்வைக்கு மங்கலான திட்டுகளைத் தவிர அதில் ஒன்றுமே இருக்காது. கறுப்புத் தட்டில் நீரில் மூழ்க வைத்து, மார்புத் துடுப்பின் மேல்விளிம்பைத் தூரிகை நுனியால் மெல்ல மேலே தள்ளுங்கள். மேலிருக்கும் சில கதிர்கள் சவ்விலிருந்து விடுபட்டு, பட்டு நூல்போல் ஒவ்வொன்றாக நீரில் பிரிந்து மிதந்தால் அது பாத்திகோபியஸ் பேரினம். துடுப்பை நீருக்கு வெளியே வைத்துப் பார்த்தால் அந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எதுவும் தெரியாது. அதற்குப் பிறகு அந்த இழைகள் எத்தனை, மார்புத் துடுப்புக் கதிர்கள் மொத்தம் எத்தனை, முதுகின் முன்பகுதிச் செதில்கள் எங்கே தொடங்குகின்றன என்பதை வைத்துச் சிற்றினத்தை நெருங்கலாம்.

முடிந்தால் ஒரே இடத்தில் கிடைத்த பல மீன்களை எண்ணுங்கள். ஒரே சிற்றினத்துக்குள்ளும் கதிர் எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கும்.

7. இப்போது நிறத்துக்கு வாருங்கள்

பேரினம் வரை வந்தபின் நிறம் மிகச் சிறந்த துணை. அதற்கு முன் அது பொறி. பல உளுவைகள் தரையின் நிறத்துக்கும் அச்சத்துக்கும் ஏற்ப நொடிகளில் வெளிறவும் கறுக்கவும் செய்யும், இரவு நிறம் பகல் நிறத்தினின்று மாறியிருக்கும். காலியோனிமிடே மீன்களில் ஆணின் முதல் முதுகுத் துடுப்பு உயர்ந்து அழகிய கோலங்களோடு இருக்க, பெண்ணின் துடுப்பு குட்டையாக இருக்கும். இவற்றைத் தனித்தனிச் சிற்றினங்களாக எண்ணுவது எளிது. உளுவைகளில் ஆணா பெண்ணா என்பதை அறியக் குதத்துக்குப் பின்னாலுள்ள சிறு முனையைப் பாருங்கள்: ஆணில் நீண்டு கூராகவும் பெண்ணில் குட்டையாக அகன்றும் இருக்கும்.

சிறியது என்பதால் குஞ்சு என்று முடிவு செய்யாதீர்கள். எவியோட்டா சிஜிலாட்டா என்னும் பவளத்திட்டு உளுவையின் ஆயுளே அதிகபட்சம் 59 நாட்கள்தான் என்று 2005-இல் கண்டறியப்பட்டது. இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத மீன் முழு வளர்ச்சி பெற்றதாக இருக்கலாம்.

பதப்படுத்திய மீனில் சிவப்பும் மஞ்சளும் போய்விடும். கறுப்புத் திட்டுகளே மிஞ்சும். பழைய விளக்கங்கள் பல பதப்படுத்திய மீனைப் பார்த்து எழுதப்பட்டவை என்பதால், உங்கள் படத்தோடு அவை பொருந்தாதபோது குப்பியிலிருக்கும் மீனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

8. பரவலைச் சரிபாருங்கள்

உங்கள் விடை இந்தோ பசிபிக் கடலுக்கு உரிய மீனாக இருந்து, நீங்கள் பிடித்தது அட்லாண்டிக்காக இருந்தால், முதலில் எண்ணிக்கையைத் திரும்ப எண்ணுங்கள். புதிய இடத்தில் முதன்முறையாகக் கிடைத்தது என்ற முடிவு மற்ற வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகு வர வேண்டியது.

9. மரபணுக் குறியீடு: எப்போது, எவ்வளவு நம்பலாம்

சிற்றினங்களைப் பிரித்தறியப் பயன்படும், சுமார் 650 எழுத்துகள் நீளமுள்ள சிஓஐ என்னும் மரபணுத் துண்டைப் படித்து, போல்டு, ஜென்பாங்க் ஆகிய பொதுத் தரவுத்தளங்களில் ஒப்பிடலாம். தேடுவதற்குக் கட்டணம் இல்லை. ஆய்வகத்தில் படிக்கத்தான் கட்டணம். ஆய்வகங்கள் 96 குழித் தட்டுகளில் வேலை செய்வதால், ஒரே ஒரு மாதிரியைத் தனியாகக் கொடுத்தால் செலவும் கூடும், தட்டு நிறையும் வரை காத்திருக்கவும் நேரும். நண்பர்களின் மாதிரிகளோடு சேர்த்து அனுப்புவது இரண்டையும் குறைக்கும். எத்தனால் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் அனுப்பும் விதிகளை முன்கூட்டியே கூரியர் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றொன்பது சதவீதம் பொருந்துகிறது என்று திரையில் வந்தவுடன் பெயரை எழுதிவிட வேண்டாம். தரவுத்தளத்தில் அந்தப் பதிவை இட்டவரே தவறாகப் பெயரிட்டிருக்கலாம். அந்தப் பதிவுக்கு அருங்காட்சியக மாதிரி எண் இருக்கிறதா, படம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத பதிவுக்கு நான் பெரிய மதிப்புத் தருவதில்லை. எதுவுமே பொருந்தவில்லை என்றால் அது புதிய சிற்றினம் என்றும் பொருளல்ல, அந்தச் சிற்றினத்தை இதுவரை யாரும் படித்துப் பதிவிடாமல் இருந்திருக்கலாம். மறுபுறம், மரபணு இல்லாமல் தீராத வழக்குகளும் உண்டு. மேற்கு அட்லாண்டிக்கின் பாத்திகோபியஸ் உளுவைகளை மரபணுவும் உடலமைப்பும் சேர்த்து ஆராய்ந்தபோதுதான், ஒரே பெயரில் கலந்து கிடந்தவற்றிலிருந்து பாத்திகோபியஸ் ஆன்டிலியென்சிஸ், பாத்திகோபியஸ் ஜெமினேட்டஸ் என்ற இரண்டு புதிய சிற்றினங்கள் 2010-இல் பிரித்து விவரிக்கப்பட்டன.

10. வல்லுநரிடம் கேட்கும்போது

‘இது என்ன மீன்?’ என்று ஒரே படத்தோடு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வருவது அரிது. அடிப்பக்கம் உட்பட எல்லாப் படங்கள், இடம், ஆழம், தர நீளம், துடுப்பு எண்ணிக்கை, நீங்கள் வந்தடைந்த பேரினம், எந்த இரண்டு பெயர்களுக்கிடையே தயங்குகிறீர்கள் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அப்படிக் கேட்டால் பலர் அன்போடு பதில் தருகிறார்கள், சில வாரங்கள் தாமதமானாலும். மாதிரியை அருங்காட்சியகம் ஒன்றில் ஒப்படைத்துப் பதிவெண் பெற்றுவிட்டால் இன்னும் நல்லது. அப்போது சேகரிப்பு அனுமதியின் நகலைக் கேட்பார்கள். அது இல்லாத மாதிரியைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்.

11. பெயரை எழுதுவது

கிடைத்த பெயர் இன்றும் செல்லுமா என்பதைக் கலிபோர்னியா அறிவியல் கழகம் பராமரிக்கும் எஷ்மேயர் மீன் பட்டியலில் பாருங்கள், இலவசம். ஃபிஷ்பேஸ் என்னும் இணையத் தரவுத்தளத்தில் அளவும் பரவலும் ஒரே இடத்தில் கிடைக்கும். பெயருக்குப் பின் விவரித்தவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அந்தச் சிற்றினம் முதலில் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று பொருள். மூல விளக்கத்தைத் தேடும்போது அந்தப் பழைய பேரினப் பெயரில் தேட வேண்டும்.

உறுதி இல்லாவிட்டால் அதற்கென்றே உள்ள சுருக்கக் குறிகளைப் பயன்படுத்துங்கள். பேரினத்துக்குப் பின் ‘எஸ்பி’ என்றால் சிற்றினம் தெரியவில்லை. ‘சிஎஃப்’ என்றால் இந்தச் சிற்றினமாக இருக்கலாம், ஒப்பிட்டு உறுதி செய்ய வேண்டும். ‘ஏஎஃப்எஃப்’ என்றால் இதற்கு நெருக்கமானது, ஆனால் இது வேறு. ஊகித்து எழுதிய முழுப் பெயர் ஒருமுறை பட்டியல்களுக்குள் நுழைந்துவிட்டால் அதை வெளியேற்ற ஆண்டுகள் ஆகும். ‘எஸ்பி’ என்று எழுதி, மாதிரி எண்ணையும் சேர்த்துவிட்டால், அடுத்து வருபவர் அந்தக் குப்பியைத் திறந்து விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.